ஜேம்ஸ் எஸ்டெயில்

ஜேம்ஸ் எஸ்டெயில் (பெப்ரவரி 6, 1808 – ஜனவரி 10, 1859) கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் வங்காளத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றிய ஸ்காட்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஆவார். ஈதர் என்னும் மயக்க மருந்து 1846 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பலர் முன்னிலையில் பயன்படுத்தப்பட்டது. அதற்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே, மெஸ்மெரிச உறக்கத்தின் துணையுடன் நோயாளிகளுக்கு வலியின்றி அறுவை செய்ததாக இவர் அறிவித்தார். இவருடைய முதல் நோயாளி, விதைப்பையின் இருபுறமும் நீர் கோத்து வீங்கியிருந்த ஒரு சிறைக் கைதி ஆவார். இவரது பிற்காலப் புகழுக்குக் காரணமான பேருருவக் கட்டிகளும் பெரும்பாலும் உடலின் அதே பகுதியைச் சேர்ந்தவை. ஆகவே இவரது வாழ்க்கை வரலாறு, ஒரு நோயை மக்கள் எவ்வளவு காலம் மறைத்து வைத்திருப்பர், எப்போது மருத்துவரிடம் காட்டுவர் என்பதன் வரலாறாகவும் அமைந்துள்ளது.

இளமையும் இந்திய வருகையும்

எஸ்டெயில் ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் என்னும் ஊரில் ஒரு மதகுருவின் மகனாகப் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றபின், கம்பெனியின் மருத்துவப் பணியில் சேர்ந்து 1831ஆம் ஆண்டு கல்கத்தாவை வந்தடைந்தார். சிறுவயது முதலே மூச்சுக்குழல் நோயால் துன்புற்ற இவருக்கு வங்காளத்தின் ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை. 1836இல் உடல்நலம் குன்றியதால் நீண்ட விடுப்பில் சென்ற இவர் எகிப்து வழியாகவும் ஐரோப்பா வழியாகவும் பயணம் செய்தார். அப்பயணத்தைப் பற்றிய கடிதங்கள் 1839இல் நூலாக வெளிவந்தன. 1838இல் இந்தியா திரும்பியதும், கல்கத்தாவுக்கு வடக்கே ஆற்றங்கரையில் அமைந்த ஹூக்ளியின் மருத்துவமனைப் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. சிறைக் கைதிகளைக் கவனிப்பதும் இவருடைய கடமைகளுள் ஒன்று.

அக்காலத்தில் இந்நோய்க்கு இருந்த சிகிச்சை

விதையைச் சுற்றியுள்ள இரண்டடுக்கு உறையின் இடையில் நீர் சேர்வதையே மருத்துவர்கள் ஹைட்ரோசில் என்பர். தமிழகத்தில் விரைவீக்கம், அண்டவாதம், ஓதம் எனப் பலவாறு இது வழங்குகிறது. ஆயினும் நாட்டு வழக்கில் இப்பெயர்கள் குடலிறக்கத்தையும் சேர்த்தே குறிப்பதுண்டு. இந்தக் குழப்பம் வெறும் சொற்குழப்பம் அன்று. குடலிறக்கத்தை நீர் என்று நினைத்து ஊசி குத்தினால் குடல் துளைபடும்.

நீரை வெளியேற்றும் முறை மிகப் பழமையானது. சுசுருத சங்கிதை இந்நோயை மூத்திரவிருத்தி என்று அழைத்து, நெல்மணியின் முனை போன்ற கூர்முனைக் கருவியால் துளையிட்டு நீரை வடிப்பதை விளக்குகிறது. ஆனால் வடித்த நீர் மீண்டும் சேர்ந்துவிடும். இதைத் தடுக்க, நீர் வடிந்த உறைக்குள் எரிச்சலூட்டும் திரவம் ஒன்றைச் செலுத்தி, உறையின் இரு அடுக்குகளும் ஒட்டிக்கொள்ளுமாறு செய்யும் முறை ஐரோப்பாவில் உருவானது. திராட்சை மதுவும் துத்தநாக உப்புக் கரைசலும் இதற்குப் பயன்பட்டன. கல்கத்தாவின் சுதேசி மருத்துவமனையில் பணியாற்றிய ஜேம்ஸ் ரானால்ட் மார்ட்டின் 1832இல் அயோடின் கரைசலை இதற்குப் பயன்படுத்தி நல்ல பலன் கண்டார். அம்முறை அங்கிருந்து பிற நாடுகளுக்கும் பரவியது.

துளையிடுவதில் வலி அதிகம் இல்லை. மருந்து உள்ளே சென்றபின் எழும் வேதனையே தாங்க முடியாதது. நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதற்கு வெட்கம் ஒரு காரணம் என்றால், இந்த வேதனை இன்னொரு காரணம்.

தள்ளிப்போடுதல் ஏழைகளுக்கோ இந்தியர்க்கோ மட்டும் உரிய வழக்கம் அன்று. உரோமைப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிப் பெரும்புகழ் பெற்ற ஆங்கில வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன் தமது இளம்வயதில் தோன்றிய இத்தகைய வீக்கத்தை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் யாரிடமும் பேசாமலே காலந்தள்ளினார். அது உடைக்கு மேலும் மறைக்க முடியாத அளவு பெருத்த பின்னரே 1793 நவம்பரில் முதன்முறையாக நீர் வடிக்கப்பட்டது. அப்போது நான்கு குவார்ட்டு, அதாவது சுமார் நாலரை லிட்டர் நீர் வந்தது. அதே மாதத்தில் மீண்டும் மூன்று குவார்ட்டும், 1794 ஜனவரி 13இல் ஆறு குவார்ட்டும் எடுக்கப்பட்டன. மூன்று நாள் கழித்து, ஜனவரி 16 அன்று அவர் இறந்தார். கிருமிநீக்கம் என்பதே அறியப்படாத காலத்தில் திரும்பத் திரும்பத் துளையிட்டதால் ஏற்பட்ட தொற்றே இறப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

1845 ஏப்ரல் 4

அன்று ஹூக்ளி சிறை மருத்துவமனையில், இருபுற வீக்கம் கொண்ட கைதி ஒருவருக்கு ஒருபுற நீரை வடித்து எஸ்டெயில் வழக்கமான மருந்தைச் செலுத்தினார். கைதி வலியால் துடித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எஸ்டெயிலுக்கு, தாம் நூல்களில் படித்திருந்த மெஸ்மெரிசத்தைச் சோதித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அவர் அதை நேரில் பார்த்தவர் அல்லர். உடனிருந்த வங்காளி உதவி மருத்துவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் அது முயலப்பட்டுத் தோல்வியுற்றதைத் தாம் கண்டதாகக் கூறினார். இருப்பினும் எஸ்டெயில் கைதியின் எதிரே அமர்ந்து, முகத்துக்கும் வயிற்றுக்கும் மேலாகக் கைகளை மெல்ல அசைத்து இறக்கியபடியே நெடுநேரம் முயன்றார். கைதி ஆழ்ந்து உறங்கினார். ஊசியால் குத்தியும் நெருப்பால் தீண்டியும் அவரிடம் அசைவில்லை. எஸ்டெயில் மாவட்ட நீதிபதியையும் கலெக்டரையும் வரவழைத்துச் சாட்சிகளாக நிறுத்தினார். சில நாள்களுக்குப் பின் மறுபுற வீக்கத்துக்கும் இவ்வாறே சிகிச்சை செய்யப்பட்டது. அப்போது கைதிக்கு வலி தெரியவில்லை.

மெஸ்மெரிசம் என்பது பிரான்ஸ் மெஸ்மர் (1734–1815) என்னும் மருத்துவரின் பெயரால் அமைந்தது. ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குப் பாயும் கண்ணுக்குத் தெரியாத பாய்மம் ஒன்று உண்டு என அவர் நம்பினார். பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாய்சியரும் இடம்பெற்ற பிரெஞ்சு அரசுக் குழு 1784இலேயே அத்தகைய பாய்மம் எதுவும் இல்லை என்று முடிவு செய்துவிட்டது. இலண்டனில் இம்முறையை ஆதரித்த ஜான் எலியட்சன் என்னும் பேராசிரியர் 1838இல் பதவி விலக நேர்ந்தது. எஸ்டெயிலோ இறுதிவரை அந்தப் பாய்மத்தை நம்பினார். அவர் கண்ட விளைவு உண்மையாகவும், அதற்கு அவர் கூறிய விளக்கம் தவறாகவும் இருந்தன. இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்காமல் அவரை முழுதாக ஏற்பதும் முழுதாகத் தள்ளுவதும் இன்றும் காணப்படுகிறது.

ஹூக்ளியில் எட்டு மாதங்கள்

அடுத்த எட்டு மாதங்களில் செய்த வேலையைத் தொகுத்து 1846இல் எஸ்டெயில் நூலாக வெளியிட்டார். வலியின்றிச் செய்யப்பட்டவையாக அதில் 73 அறுவைகள் பட்டியலிடப்பட்டுள்ளன. கை துண்டிப்பு, மார்பகக் கட்டி, கண்புரை, பல் பிடுங்குதல், கால்நகம் களைதல் எனப் பலவும் அதில் உண்டு. ஹைட்ரோசில் 7. விதைப்பைக் கட்டிகள் 17. அவற்றுள் 14 வலியின்றி நடந்தன என்று அவரே குறித்துள்ளார். மூன்றில் தோல்வி என்பதை மறைக்காமல் எழுதியதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கட்டிகள் யானைக்கால் நோயின் மற்றொரு வடிவம் ஆகும். காலில் தோல் தடிப்பது போலவே விதைப்பையின் தோலும் தடித்துப் பெருகி, ஆண்டுதோறும் எடை கூடிக்கொண்டே போகும். அப்பட்டியலில் உள்ளவற்றின் எடை 8 முதல் 80 இறாத்தல் வரை, அதாவது சுமார் மூன்றரை கிலோ முதல் 36 கிலோ வரை இருந்தது. அவற்றுள் மிகப் பெரியதைச் சுமந்தவர் நாற்பது வயதுக் கடைக்காரர் ஒருவர். எழுந்து நடக்க முடியாத அவர், பல ஆண்டுகளாகத் தமது கட்டியின் மீதே கணக்கேட்டை வைத்து எழுதிவந்தார். அந்த அழுத்தத்தால் கட்டியின் மேற்புறம் எழுதுபலகை போலத் தட்டையாகியிருந்தது. கடையை நடத்தினார், கணக்கு எழுதினார், நோயோடு வாழ்க்கையை எப்படியோ ஒப்பேற்றினார். ஆனால் கத்தியின் முன் வர அவரால் இயலவில்லை. வலி இருக்காது என்ற செய்தி பரவிய பின்னரே இத்தகையோர் ஹூக்ளியை நோக்கி வரத் தொடங்கினர்.

நோயாளியை உறங்கச் செய்வது எளிய வேலை அன்று. இருட்டறையில் படுக்கவைத்து மணிக்கணக்கில் கைகளை அசைக்க வேண்டும். சிலருக்கு ஒரே நாளில் உறக்கம் வரும். சிலருக்குப் பத்து நாளானாலும் வராது. நோஞ்சான் உடல் கொண்ட எஸ்டெயிலால் இதைத் தொடர இயலவில்லை. எனவே மருத்துவமனையின் இந்து, முஸ்லிம் இளைஞர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்து, தாம் கத்தியை மட்டும் கையாண்டார். எஸ்டெயிலின் அறுவைகள் என்று சொல்லப்படுபவற்றில் பாதி உழைப்பு இவ்விளைஞர்களுடையது. அவர்களின் வரலாறு தனியே எழுதப்படவில்லை.

கல்கத்தா மருத்துவமனை

கல்கத்தா மருத்துவ இதழ்கள் எஸ்டெயிலை ஏளனம் செய்தன. நோயாளிகள் மருத்துவரை மகிழ்விக்க வலியை அடக்கி நடிக்கிறார்கள் என்பது முதன்மையான குற்றச்சாட்டு. எஸ்டெயில் அரசுக்கு விண்ணப்பித்ததன்பேரில், வங்காளத் துணை ஆளுநர் சர் ஹெர்பர்ட் மேடக் 1846இல் ஒரு குழுவை அமைத்தார். குழுவின் கண்முன்னே தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு அறுவை செய்யப்பட்டது. சிலரிடம் உறக்கம் வரவே இல்லை. உறங்கியவருள் சிலர் அறுவையின்போது முகம் சுளித்து உடலை முறுக்கினர். ஆயினும் விழித்தபின் வலி எதுவும் தெரியவில்லை என்றே கூறினர். எஞ்சியோர் அசைவற்றுக் கிடந்தனர். வலி உணரப்பட்டு மறக்கப்பட்டதா, உணரப்படவே இல்லையா என்னும் வினா அப்போதே எழுந்தது. மயக்கவியலில் அவ்வினா இன்றும் ஆராயப்படுகிறது.

குழு சாதகமாக அறிக்கை தந்தது. அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் ஓராண்டுச் சோதனைக்காகச் சிறிய மெஸ்மெரிச மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. பிற மருத்துவர்கள் பார்வையாளர்களாக நியமிக்கப்பட்டனர். பொதுமக்களும் வந்து பார்க்கலாம். அடைய வேண்டிய ஒப்புதல் கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது என்று எஸ்டெயில் நினைத்திருக்கக்கூடும். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்புதான் பாஸ்டனில் ஈதர் வெளிவந்திருந்தது. 1847இல் அது கல்கத்தாவை எட்டியது. அவ்வாண்டு நவம்பரில் எடின்பரோவின் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிவித்தார். சில மாதங்களுக்குள் அதுவும் இந்தியா வந்துவிட்டது. நாள்கணக்கில் கையசைத்து வரவழைக்கும் உறக்கத்தைச் சில நிமிடங்களில் ஒரு கைக்குட்டை வரவழைத்தது. அரசு சோதனை மருத்துவமனையைத் தொடர்ந்து நடத்தவில்லை.

1848இல் ஆளுநர் நாயகம் டல்ஹவுசி எஸ்டெயிலுக்கு மாகாண அறுவை மருத்துவர் பதவியை அளித்தார். கல்கத்தா மக்கள் நிதி திரட்டி அவருக்காக மீண்டும் ஒரு மருத்துவ நிலையத்தைத் திறந்தனர். குளோரோஃபார்மைவிடத் தம் முறை பாதுகாப்பானது என்று எஸ்டெயில் வாதிட்டுவந்தார். குளோரோஃபார்மால் திடீர் மரணங்கள் ஏற்பட்டது உண்மையாதலால் அவ்வாதம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆனால் எல்லாரிடமும், எல்லா நேரத்திலும், எந்த மருத்துவர் கையிலும் பலிக்கும் முறையே அறுவைக் கூடத்துக்கு வேண்டியது. மெஸ்மெரிசம் அப்படிப்பட்டதாக இருக்கவில்லை.

எண்களும் ஐயங்களும்

இந்தியாவில் தாம் 261 பெரிய அறுவைகளை வலியின்றிச் செய்ததாக எஸ்டெயில் கணக்குக் கொடுத்தார். அவற்றுள் பெரும்பான்மை விதைப்பைக் கட்டிகள். மிகப் பெரியது 103 இறாத்தல், அதாவது 46 கிலோவுக்கும் மேல். இக்கட்டிகளை அகற்றும்போது அதுவரை பாதிப்பேர் இறந்தனர் என்றும், தம்மிடம் நூற்றுக்கு ஐந்து பேர் அளவிலேயே இறந்தனர் என்றும் அவர் எழுதினார்.

மெஸ்மெரிசமே உயிர் காத்தது என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தவரும் முடிவை எழுதியவரும் அவரே. வலிக்கு அஞ்சாமல் மக்கள் கட்டி சிறிதாக இருக்கும்போதே வந்ததும், துடிக்காத உடலில் அறுவையாளர் நிதானமாகக் குருதிக் குழாய்களைக் கட்ட முடிந்ததும் இறப்பைக் குறைத்திருக்கலாம். மேலும், இந்நோயாளிகள் கைதிகளும் ஏழைகளும் ஆவர். அயலாட்சியின் சிறையில் இருக்கும் ஒருவர் மருத்துவரிடம் மறுப்புச் சொல்லும் நிலையில் இருந்தாரா என்பதை எஸ்டெயிலின் நூல் பேசவில்லை.

இறுதிக்காலம்

1851இல் எஸ்டெயில் இந்தியாவை விட்டு நீங்கினார். ஸ்காட்லாந்தின் குளிரும் அவருக்கு ஒத்துவராததால் இலண்டனை அடுத்த சிடன்ஹாமில் குடியேறினார். 1852இல் மேலும் இரண்டு நூல்களை வெளியிட்டார். அமெரிக்கக் காங்கிரசில் மயக்க மருந்தைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு இலட்சம் டாலர் பரிசளிக்கும் முன்மொழிவு வந்தபோது, ஈதரே முதல் முறை எனச் சொல்வதை எதிர்த்து எழுதினார். பணத்துக்காக அல்ல, முந்தியவர் யார் என்பதற்காக. ஐம்பத்தோராம் அகவை நிறையும் முன்பே 1859 ஜனவரி 10 அன்று காலமானார்.

இருபதாம் நூற்றாண்டில் அறிதுயில் வல்லுநர்கள், வலி உணராத மிக ஆழ்ந்த அறிதுயில் நிலைக்கு எஸ்டெயில் நிலை என்று பெயரிட்டனர். அறிதுயில் வலியை ஓரளவு தணிக்கும் என்பதை இன்றைய மருத்துவம் ஏற்கிறது. உடற்பாய்மத்தை ஏற்பவர் எவரும் இல்லை.

நோயின் காரணம்

தாம் அறுத்தெடுத்த கட்டிகள் எதனால் உண்டாயின என்பதை எஸ்டெயில் அறியாமலே இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1863இல், பாரிசில் தெமார்க்கே என்னும் அறுவை மருத்துவர், கியூபாவிலிருந்து வந்த ஒருவரின் விதைப்பை நீரை நுண்ணோக்கியில் பார்த்தபோது அதில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். எஸ்டெயில் ஹூக்ளியில் வடித்துக் கொட்டிய நீர்களுள் எத்தனையில் அவை இருந்தனவோ. அவர் வாழ்ந்த கல்கத்தாவிலேயே 1872இல் திமோத்தி லூயிஸ் இப்புழுக்களை மனிதக் குருதியில் கண்டறிந்தார். 1877இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பேட்ரிக் மேன்சன், அவை கொசுவின் உடலில் வளர்வதைக் காட்டினார். இந்தியாவில் இதைப் பரப்புவது முதன்மையாக, தேங்கிய அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு ஆகும்.

எஸ்டெயில் கண்ட நோய்கள் இன்று

எல்லா நீர்வீக்கமும் யானைக்கால் புழுவால் வருவதன்று. பிறந்த குழந்தைகளிடம் காணப்படுவது, வயிற்றறைக்கும் விதைப்பைக்கும் இடையிலான வழி மூடாததால் வருவது. பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் தானே மறையும், அதுவரை காத்திருக்கலாம். வளர்ந்தோரிடம் அடி, தொற்று, புழு ஆகியவை காரணமாகலாம். காரணம் தெரியாதவையும் பல. இருட்டில் டார்ச் விளக்கை ஒருபுறம் வைத்தால் நீர்வீக்கம் ஒளியை ஊடுருவ விடும். இது மருத்துவர் செய்யும் முதற்சோதனை. இதை மட்டும் நம்பி முடிவு செய்வதில்லை. விதை கைக்குத் தட்டுப்படாவிட்டால் ஸ்கேன் தேவை. நீருக்குப் பின்னே புற்றுக்கட்டி மறைந்திருக்கக் கூடும்.

சிறிய, வலியற்ற வீக்கம் என உறுதியானால் அதற்குச் சிகிச்சையே வேண்டியதில்லை. பெருக்கிறதா என்று பார்த்துவந்தால் போதும். பாரம் இழுத்தல், நடக்கவோ உழைக்கவோ இடையூறு, வலி, தொடர்ந்து பெருத்தல் ஆகியவை அறுவைக்கான காரணங்கள். ஊசியால் நீரை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் மீண்டும் சேரும். அறுவைக்குத் தகுதியற்ற உடல்நிலை உடையோர்க்கு, நீரை எடுத்து உறையை ஒட்டவைக்கும் மருந்து செலுத்துவதுண்டு; கல்கத்தாவின் அயோடின் முறையின் வழிவந்ததே இது. திடீரெனக் கடும் வலியுடன் வரும் வீக்கம் மட்டும் வேறு வகை. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிடில் விதையை இழக்க நேரிடும். குறிப்பாகச் சிறுவர்களும் இளைஞர்களும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

ஹைட்ரோசில் அறுவை இன்று நம் மாவட்ட மருத்துவமனைகளில் வழக்கமாக நடைபெறும் ஒன்று. எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலைச் சேர்ந்த ஒருவர் இதற்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டியதில்லை. மாவட்டத் தலைநகரில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே உள்ளது. முதுகுத்தண்டில் போடும் ஊசி இடுப்புக்குக் கீழே வலியை மறைத்துவிடுகிறது. அறுவை முடிய ஒரு மணி நேரம்கூட ஆகாது. நோயாளி விழித்துப் பேசிக்கொண்டே படுத்திருக்கலாம்.